பிளாஸ்கெட் தீவின் முதியோர் நூல்கள்

சங்கப் பாடல்களை வாய்மொழி வீரப்பாடல்களாகக் கொண்டு ஆராய்ந்த பேராசிரியர் க. கைலாசபதியின் ஆங்கில நூல் 1968-இல் வெளிவந்தது. பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் அவருடைய ஆராய்ச்சிக்கு வழிகாட்டியாக இருந்தவர் கிரேக்கப் பேராசிரியர் ஜார்ஜ் தாம்சன் என்பது நம் துறையினர் அறிந்ததே. தாம்சன் ஹோமரை ஏட்டின்வழி மட்டும் பயின்றவர் அல்லர். 1923-இல் தொடங்கி, அயர்லாந்தின் தென்மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள பெரிய பிளாஸ்கெட் என்னும் சிறு தீவிற்குப் பன்முறை சென்று, அங்கு வாழ்ந்த மீனவக் கிழவரும் கிழவியரும் அடுப்பருகில் அமர்ந்து பேசிய பேச்சைக் கேட்டவர். அக்கேள்வியே ஹோமரின் மொழியைத் தமக்கு விளக்கியது என்று அவர் எழுதியுள்ளார். அத்தீவினரின் பேச்சிற்கும் நம் புறப்பாட்டு ஆராய்ச்சிக்கும் இடையே இங்ஙனம் மெல்லியதோர் இழை ஓடுகின்றது. அதனைப் பற்றிக்கொண்டு அத்தீவின் முதியோர் நூல்களை அணுக முற்படுகின்றோம்.

தீவைப் பற்றிச் சில சொற்கள் போதும். கெர்ரி மாவட்டத்தின் மேலைமுனையில் டன்குயின் என்னும் கரையூருக்கு எதிரே, ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் நீளமும் ஒரு கிலோமீட்டர் அகலமும் உடைய மலைமுதுகு அது. மரமில்லை, கடையில்லை, மருத்துவர் இல்லை, கோயிற் குருவும் இல்லை. கானாங்கெளுத்தியும் சிங்கிறாலும் பிடித்தல், தார் பூசிய கித்தான் போர்த்த மெல்லிய படகில் கடல் கடத்தல், மலையில் முற்றாநிலக்கரியாகிய புற்கரி வெட்டுதல் ஆகியவையே வாழ்வு. 1916-இல் 176 பேர் இருந்தனர். பின்னர் இளைஞர் ஒவ்வொருவராக அமெரிக்காவிற்குப் போயினர். 1941-இல் பள்ளி மூடப்பட்டது. 1953 நவம்பரில், எஞ்சியிருந்த 22 பேரை அரசு கரைக்குக் குடியேற்றியது. இத்துணைச் சிறிய ஊரிலிருந்து, முப்பதாண்டு எல்லைக்குள், ஐரிஷ் மொழி இலக்கியத்தில் நிலைபெற்ற தன்வரலாறுகள் மூன்று பிறந்தன. தோமாஸ் ஓ குரோகன் எழுதிய ‘தீவினன்’ 1929-இலும், மொரிஸ் ஓ சல்லிவன் எழுதிய ‘இருபதாண்டு வளர்ச்சி’ 1933-இலும், பெக் சேயர்ஸ் சொல்ல எழுதப்பட்ட ‘பெக்’ 1936-இலும் வெளிவந்தன. இவற்றுள் முதலும் இறுதியும் முதியோர் சொன்னவை; இடையது, முதியோரிடம் வளர்ந்த இளைஞன் சொன்னது.

இந்நூல்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஒரு சுருதியிலேயே பாடுகின்றனர். மறைந்துபோன உலகத்தின் இரங்கற்பா என்பதே அச்சுருதி. இம்முதியோர் தம் அழிவைத் தாமே உணர்ந்து பாடிய பாணர் எனப் போற்றப்படுகின்றனர். யாம் இதனை உடன்படவில்லை. இரங்கல் இந்நூல்களில் இல்லை என்பதன்று எம் கருத்து. இருக்கின்ற இரங்கலிற் பெரும்பகுதி கேட்டவர்க்காகச் சொல்லப்பட்டது என்பதும், முதியோரின் தனிக்குரல் வேறிடத்தில் கேட்கின்றது என்பதுமே ஆகும். ஐரிஷ் மொழி அறியாது ஆங்கில மொழிபெயர்ப்புகளின் வழியாகவே படித்தோம். ஆதலின் சொல்லழகு பற்றித் தீர்ப்புக் கூறுதல் எமக்குத் தகாது. நூலின் அமைப்பு, எதை விரித்தனர், எதைச் சுருக்கினர், யார் கேட்க யார் சொன்னார் என்பனவற்றை மொழிபெயர்ப்பிலும் காணலாம். அவ்வளவில் நிற்போம்.

ஓ குரோகன் மீனவர். கற்சுவர் கட்டவும் வல்லவர். 1850-களின் நடுவிற் பிறந்தவர். தீவுப் பள்ளியில் ஆங்கிலமே கற்பிக்கப்பட்டது. தாய்மொழியை எழுத்துக் கூட்டிப் படிக்க அவர் கற்றது நடுவயதிற்குப் பின்னரே. கடல் கொந்தளித்துக் கரையூரில் தங்க நேரும்போது அங்குள்ள சிறுவர்களின் ஐரிஷ் பாடநூல்களைக் கண்டு பயின்றார். 1907-இல் நார்வே நாட்டு அறிஞர் கார்ல் மார்ஸ்திராந்தர் வந்து அவரிடம் மொழி கற்றார். 1910-இல் பிரிட்டிஷ் அரும்பொருளகத்து ராபின் பிளவர் வந்தார். ‘தீவினன்’ நூலைப் பின்னர் 1934-இல் ஆங்கிலமாக்கியவர் இவரே. 1917-இல் வந்த பிரையன் கெல்லி, கார்க்கியின் எழுத்தையும் ஐஸ்லாந்துக் கடலுக்குச் செல்லும் மீனவரைப் பற்றிய பியர் லோத்தியின் நாவலையும் படித்துக்காட்டி, எளிய மீனவன் வாழ்வும் நூலுக்குப் பொருளாகும் என்று அவரை நம்பவைத்தார். முதலில் நாட்குறிப்பும் பின்னர்த் தன்வரலாறுமாக அவர் எழுதி அனுப்பிய தாள்கள், ‘வல்லூறு’ எனப் பொருள்படும் புனைபெயர் கொண்ட பதிப்பாசிரியர் பாட்ரிக் ஓ ஷொக்ருவின் கையில் நூல்களாயின.

இவ்வரலாற்றை விரித்ததற்குக் காரணம் உண்டு. நூலின் உள்ளே ஒரு கிழவர் தாமாக நினைவுகூர்கின்றார் என்ற தோற்றம் இருக்கின்றது. உண்மையில் அவர் எதிரே எப்போதும் ஒருவர் அமர்ந்திருக்கின்றார். அவ்வொருவர் தீவினர் அல்லர்; கற்றவர்; தம் மொழி மறைந்துபோகுமோ என்ற கவலை உடையவர். 1922-இல் தன்னாட்சி பெற்ற அயர்லாந்து தன் பழம்பெருமைக்குச் சான்று தேடிக்கொண்டிருந்தது. கேட்பவரின் கவலை சொல்பவரின் சொல்லில் நிழலாடாமற் போகுமா?

இனி நூலுக்கு வருவோம். ஓ குரோகனுக்குப் பதின்மர் குழந்தைகள். ஒரு சிறுவன் கடற்பறவைக் குஞ்சு பிடிக்கப் போய்ப் பாறையிலிருந்து வீழ்ந்து இறந்தான். நோயால் வேறு சிலர் இறந்தனர். 1909-இல், கடலில் மூழ்கிய ஒரு நங்கையைக் காக்க முயன்ற மகன் அவளோடு மூழ்கினான். மனைவியும் மறைந்தாள். இவை அனைத்தும் மிகச் சில பக்கங்களில் அடங்கிவிடுகின்றன. மக்களின் பெயர்கூட எல்லாம் சொல்லப்படவில்லை. சொல்லி முடித்தவுடன், எஞ்சியவர்கள் உண்ணவேண்டும் ஆதலின் துடுப்பை மீண்டும் கையிலெடுக்க நேர்ந்தது என்ற அளவில் நிறுத்திக்கொள்கின்றார். ஆனால் கடல்நாய் வேட்டைக்கோ பக்கம் பக்கமாக இடங்கொடுக்கின்றார். கடற்குகையின் நெருக்கமும் கயிறும் அலையின் ஏற்றமும் அணுவணுவாக விரிகின்றன. கடல்நாய் ஒன்று அவர் கெண்டைக்காற் சதையைக் கடித்துப் பறித்துவிட, வேறொரு கடல்நாயின் இறைச்சியை அப்புண்ணிற் கட்டி ஆற்றிய செய்தி எத்துணை நுணுக்கமாக வருகின்றது! புற்கரி வெட்டப் போனவரைத் தீவுப் புலவர் வழிமறித்துத் தம் பாடலைக் கேட்கச் செய்து அன்றைய வேலையையே கெடுத்த நிகழ்ச்சி, நகையும் சினமும் கலந்து நீளுகின்றது. (புலவரிடம் அகப்பட்டோர் படும் பாடு எந்நாட்டிலும் ஒன்றே போலும்.)

இவ்விகிதத்தை என்னென்பது? உணர்ச்சி வறண்டவர் என்று சிலர் கூறக்கூடும். அது பொருந்தாது. தம் வயதினர் எவர்க்கும் தெரிந்த இறப்புகளை அவர் விரிக்கவில்லை. தீவில் எல்லா வீட்டிலும் அவை நிகழ்ந்தன. எல்லார்க்கும் பொதுவான துயரைத் தமக்கே உரியதுபோல் எழுதுதல் அவர் நாகரிகத்திற்கு இழுக்கு. தம் கைத்திறனால் தாம் செய்தவற்றையே தமக்கு உரியனவாகக் கருதி எழுதினார். எனவே நூலின் நடு உழைப்பே. துயரம் அதன் கரை. இளமையில், அருகிலிருந்த வேறொரு தீவின் பெண்ணை அவர் விரும்பியதும், தமக்கை குறுக்கிட்டு 1878-இல் வேறொருத்தியை மணமுடித்து வைத்ததும் நூலில் உள்ளன. அங்கும் ஒரு வரிக்கு மேற் புலம்பல் இல்லை. தம் திருமணத்தன்று தாம் பாடிய பாட்டு இன்னதென்று மட்டும் குறிக்கின்றார். அது கைகூடாக் காதலைப் பற்றிய பாட்டு. அறிந்தவர் அறிந்துகொள்வர் என்பது அவர் துணிபு.

நம் புறநானூற்றில், கோலூன்றிய கிழவர் ஆழ்மடுவிற் குதித்து விளையாடிய தம் இளமையை நினைந்து இரங்கும் பாட்டொன்று உண்டு; அதனைப் பாடியவர் தொடித்தலை விழுத்தண்டினார் என்றே பெயர் பெற்றார். அவ்விரக்கம் இளமையைப் பற்றியது. இருமலுக்கிடையே சில சொற்களே பேசும் தம் முதுமையை அவர் நேரே காண்கின்றார். ஓ குரோகனோ இளமைக்கும் இரங்குவதில்லை. இளமையிற் செய்த வேலையை முதுமையிலும் சரிபார்ப்பவர்போல் எழுதுகின்றார்.

ஆயின், நூலின் புகழ்பெற்ற இறுதி யாது? தம்மைப் போன்றவர் இனித் தோன்றமாட்டார் என்னும் பொருள்பட அவர் எழுதிய தொடர் அயர்லாந்தில் பழமொழிபோல் வழங்குகின்றது. நூலைப் படியாதவரும் அதனை அறிவர். இரங்கற்பாக் கொள்கைக்கு அதுவே தலையாய சான்று. இங்கே பதிப்பு வரலாறு நமக்குத் துணைபுரிகின்றது. ஓ குரோகன் தன்வரலாற்றை 1926-இல் முடித்துவிட்டார். அம்முடிவு போதாதெனக் கருதிய பதிப்பாசிரியர் நிறைவானதொரு முடிவை எழுதித் தருமாறு கேட்டார். அதற்கிணங்க 1928-இல் எழுதிச் சேர்த்த இறுதி அதிகாரத்தில் உள்ளதே அத்தொடர். தீவு வீடுகளின் அமைப்பைக் கூறும் பகுதியும் அவ்வாறே பதிப்பாசிரியர் வேண்ட எழுதப்பட்டது. நாணத்திற்கு ஒவ்வாதன எனத் தோன்றிய சில பகுதிகளை அவர் நீக்கியும் விட்டார். நீக்கப்பட்டனவெல்லாம் 2002-இல் ஷான் ஓ கொய்லாயின் பதிப்பிலேதான் மீண்டும் இடம்பெற்றன. பிளவரின் மொழிபெயர்ப்பு 1929 பதிப்பைத் தழுவியது ஆதலின் அதிலும் அவை இல்லை. 2012-இல் வெளிவந்த புதிய ஆங்கில மொழிபெயர்ப்பே முழுநூலையும் தருகின்றது.

பதிப்பாசிரியரைக் குறைகூறுதல் எம் நோக்கமன்று. அவர் இல்லையேல் நூலே இல்லை. மேலும், வேண்டியவர் வேறொருவராயினும் எழுதியவர் ஓ குரோகனே, அத்தொடர் பொய்யன்று. எனினும், ஒரு முதியவரிடம் ‘முடிவாக ஒன்று சொல்லுங்கள்’ என்று கேட்டுப் பெற்ற சொல்லையே அவர் வாழ்நாள் முழுவதன் பிழிவாகக் கொள்வது திறனாய்வு ஆகாது. நூலின் பிற்பகுதியில் வேறோர் இடமுண்டு. தீவில் தம்மினும் மூத்தவர் ஐவர் இருப்பதையும், அவர்கள் முதியோர் உதவித்தொகை பெறுவதையும், தமக்கு அவ்வயது வர இரண்டு திங்களே உள்ளதையும் அவர் சொல்கின்றார். 1908-ஆம் ஆண்டுச் சட்டத்தால் எழுபது வயதினர்க்கு ஏற்பட்ட தொகை அது. பணம் வருமே என்று மகிழாமல், அந்நாளைச் சாவின் எச்சரிக்கையாக எண்ணி விரும்பாதிருக்கின்றார். உடனே, அத்தொகைக்காகவே கிழவராக விரும்புவாரும் உளர் என்று ஏளனமும் செய்கின்றார். அரசின் கணக்கில் தாம் முதியவராகப் பதியப்படப் போவதை ஒரு மீனவர் எங்ஙனம் பார்த்தார் என்பதை இதனினும் தெளிவாக எழுதியவர் எவரையும் யாம் படித்ததில்லை. புகழ்பெற்ற தொடரைக் காட்டிலும் இவ்விடமே எமக்கு உயர்ந்ததாகத் தோன்றுகின்றது. இதனை எவரும் கேட்டுப் பெற்றதாகத் தெரியவில்லை.

1941-இல் பிளான் ஓ பிரயன் ஐரிஷ் மொழியில் எழுதிய அங்கத நாவல் அவ்விறுதித் தொடரைத் திரும்பத் திரும்ப வரச்செய்து நகையாடியது. ஓ குரோகனை அவர் இகழ்ந்தார் எனச் சிலர் பிழைபடக் கருதினர். உண்மையில் ‘தீவினன்’ மீது அவர் பெருமதிப்பு உடையவர். நகைக்கு இலக்கானது நூலன்று. அதனை அவ்வொரு தொடராகச் சுருக்கி, மழையையும் வறுமையையும் பண்பாடாக வழிபட்ட நகரத்துக் கற்றோரே. திறனாய்வாளர் பலர் காணாததை ஒரு பகடிக்காரர் கண்டார் என்பது வியப்பே.

பெக் சேயர்ஸின் நிலை இன்னும் கூர்மையானது. 1873-இல் கரையூரிற் பிறந்தவர். தந்தை கதைசொல்லி. சிறுவயதில் டிங்கில் நகரில் ஒரு கடைக்காரர் வீட்டில் வேலை செய்தார். அமெரிக்காவிற்குச் சென்ற தோழி வழிச்செலவுப் பணம் அனுப்புவதாகச் சொல்லியிருந்தாள். அவள் கையில் ஊனம் நேர்ந்தமையால் பணம் வரவில்லை. அமெரிக்கா செல்லவேண்டியவர் தீவிற்கு மருமகளாக வந்தார். ஐரிஷ் மொழியில் எழுத அறியாதவர் ஆதலின் தம் வரலாற்றை மகன் மைக்கேலுக்குச் சொன்னார். அவர் எழுதியதை மேரி நி கினேடே என்னும் டப்ளின் அம்மையார் பதிப்பித்தார். எனவே சொன்ன வாய்க்கும் அச்சிட்ட தாளுக்கும் இடையே இருவர் நிற்கின்றனர். ஓ குரோகனுக்கு ஒருவரே.

இந்நூல் பின்னர்ப் பள்ளிப் பாடமாயிற்று. 1990-களின் நடுப்பகுதி வரையில் அயர்லாந்து மாணவர் பல்லாயிரவர் இதனைத் தேர்விற்காகப் படித்தனர், பலர் வெறுத்தனர். கறுப்புச் சால்வை போர்த்து, இறைவன் திருவுளம் என்று பெருமூச்சு விடும் கிழவி என்ற உருவமே அவர்கள் மனத்திற் பதிந்தது. அவ்வுருவம் முற்றும் பொய்யென்று சொல்ல இயலாது. நூலில் அவ்விரக்கமும் பத்தியும் நிறைந்துள்ளன. ஆனால் நாட்டுப்புறவியல் ஆணையத்தைச் சார்ந்த சோசப் டாலி அவரிடம் முந்நூற்றுக்கு மேற்பட்ட கதைகளைத் திரட்டினார். கென்னத் ஜாக்சனும் திரட்டினார். 1947-இல் வானொலியார் அவர் குரலையே பதிவு செய்தனர். அக்கதைகளில் வரும் பெண்கள் வேறு. வாயாடிகள், கணவரை ஏய்ப்பவர்கள், தந்தை பார்த்த மாப்பிள்ளையை மறுப்பவர்கள். சொல்பவரும் நகைத்துக்கொண்டே சொல்கின்றார். தீவிற்கு வந்து அவரைக் கேட்டவர்களும், அவருடைய நகைச்சுவையையும் ஒரே பேச்சில் அழுகையிலிருந்து சிரிப்பிற்கு மாறும் ஆற்றலையுமே வியந்து எழுதியுள்ளனர்.

அங்ஙனமாயின் ‘பெக்’ நூலில் அந்நகைப்பு எங்கே போயிற்று? தாய், தன் வாழ்வைத் தன் மகனிடம் சொல்கின்றாள். மகனிடம் சொல்லத்தகுவன சில, தகாதன பல. நகரத்து அம்மையார்க்குச் சென்று, பின்னர் நாடே படிக்கப்போவது என்று அறிந்து சொல்வது வேறு. மாலையில் அண்டை வீட்டார் புகையிலையோடு சூழ்ந்திருக்கச் சொல்வது வேறு. பெக் பொய்யுரைத்தார் என்பதன்று. அவர் தேர்ந்த கலைஞர், அவைக்கேற்பச் சொன்னார். அவையறிதலைக் கல்வியின் தலையாய பயனாகக் கொள்ளும் தமிழ் மரபினர் இதனை எளிதில் உணர்வர். ஆகவே ‘பெக்’ நூலை அவர் வாழ்வின் முழுப்பதிவாகக் கொள்ளாமல், ஒரு குறிப்பிட்ட அவைக்கு அவர் சொன்ன சொல்லாகக் கொண்டு படித்தல் வேண்டும். பாடத்திட்டம் அமைத்தோர் இதனை எண்ணவில்லை. பதினாறு வயது மாணவனை அவ்வவையில் அமர்த்தினர். அவன் எழுந்து ஓடியதில் வியப்பில்லை.

இவ்வளவும் சொன்னபின், அந்நூலில் எவ்வவைக்கும் அடங்காத இடம் ஒன்று உண்டு என்பதையும் சொல்லவேண்டும். மகன் ஒருவன் எரிதழை பறிக்கும்போது மலைவிளிம்பிலிருந்து வீழ்ந்து இறக்கின்றான். கணவர் நோயாளி. உடலைக் கண்ட அயலார் நெஞ்சம் துணியவில்லை. சிதைந்த தலையைத் தாயே தன் கையால் ஒழுங்குசெய்து கிடத்துகின்றாள். அன்னை மரியாளை நினைக்கின்றாள். ஆனால் அந்நினைவு, கைவேலையை நிறுத்திவிட்டுச் செய்யும் தொழுகையன்று, கை நடுங்காதிருத்தற்கு வேண்டிய துணை. இறைவன் பெயர் நூலெங்கும் வருகின்றது. இவ்விடத்திலே தான் அது வழக்குச் சொல்லாக இல்லை. இதற்குப்பின் 1939-இல் வந்த ‘முதியவளின் சிந்தனைகள்’ நூலில் இதற்கு இணையான இடத்தை யாம் காணவில்லை. ஆயினும் அதில் அவர் குரல் சற்றே தளர்ந்து இயல்பாகின்றது.

ஓ சல்லிவனின் நூலைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டுவதில்லை. 1904-இற் பிறந்த அவர், தாம்சன் தூண்ட எழுதினார். ஆங்கில மொழிபெயர்ப்பிலும் தாம்சனுக்குப் பங்குண்டு. நாவலாசிரியர் பார்ஸ்டர் அதற்கு எழுதிய முன்னுரையால் உலகப் புகழ் பெற்றது. அழகிய நூலே. ஆனால் அதிலுள்ள பாட்டனார் எஞ்ஞான்றும் இனியவர். மனித வாழ்வை இருபது இருபது ஆண்டுகளாகப் பகுத்துரைக்கும் பழமொழியைச் சொல்லி, பேரனுக்கு அறிவுரை கூறி, இறுதியில் விடைகொடுப்பவர். பேரன் பார்வையில் முதியவர் அங்ஙனமே தோன்றுவார். சினமும் பொறாமையும் வயிற்றுவலியும் உடைய முதியவரை அந்நூலில் தேடுவது வீண்.

அத்தகையவரைத் தேடுவோர் ஓ குரோகனின் முதல் நூலுக்குச் செல்லவேண்டும். கெல்லிக்காக அவர் எழுதிய நாட்குறிப்பு, ‘தீவுப் பேச்சு’ எனத்தகும் பெயரில் 1928-இல் வெளிவந்தது. இதிலும் பதிப்பாசிரியர் கை உண்டு. இரங்கற்பாக் கொள்கையினர் இதனை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. காரணம் வெளிப்படை, இதில் எவரும் எதற்கும் முடிவுரை கூறுவதில்லை. நினைவு கூர்தலும் அரிது. முதியோர் இங்கே பழங்காலத்தின் எச்சங்களாக அன்றி, அன்றைய நாளின் மக்களாகவே நடமாடுகின்றனர். மீனுக்கு விலை இல்லை என்று வைகின்றனர். வானிலை பற்றி முரண்படுகின்றனர். புகையிலை தீர்ந்தால் மனமும் தீர்ந்தவர் ஆகின்றனர். ‘அரசர்’ என்று தீவினரால் அழைக்கப்பட்டவர் அஞ்சற்காரரும் ஆவார். அவர் கரையிலிருந்து கொணரும் செய்திக்காக அனைவரும் காத்திருக்கின்றனர். நாட்டில் விடுதலைப் போரும் உள்நாட்டுப் போரும் நடந்த ஆண்டுகள் அவை. அச்செய்தியும் மாவின் விலையும் ஒரே மூச்சிற் பேசப்படுகின்றன.

1947-இன் தொடக்கத்தில், புயலால் கடல் கடக்கவியலாத நிலையில், தீவு இளைஞர் ஒருவர் மருத்துவ உதவியின்றி மூளைக்காய்ச்சலால் இறந்தார். அதன் பின்னரே தீவினர் தம்மைக் கரைக்குக் கொண்டுசெல்லுமாறு வற்புறுத்தலாயினர். அதே ஆண்டில் தலைமையமைச்சர் டி வலேரா தீவிற்கு வந்து சென்றார். குடியேற்றத்திற்கு மேலும் ஆறாண்டுகள் ஆயின. வெளியேறியவர்கள் துயரத்தோடு சென்றனரா என்று கேட்பவர்க்கு, அவர்களே அதனை வேண்டினர் என்ற செய்தி இடையூறாக இருக்கும். ஓ குரோகனின் மகன் ஷான், கரையில் அமைந்த புதுவாழ்வைப் பற்றி எழுதிய நூல் 1969-இல் வெளிவந்தது. தந்தையின் நூலைப் படித்தோர் பலர் மகனின் நூலைப் படிப்பதில்லை. அதில் தீவும் இருக்கின்றது. தீவை விட்டபின் கரையில் வாழ்ந்த வாழ்வும், அங்கே முதியவரான தீவினரும் இருக்கின்றனர். ‘தீவினன்’ நூலைத் தமிழில் பெயர்க்க முற்படுவார் எவரேனும் இருப்பின், 2002 பதிப்பை மூலமாகக் கொள்வதோடு, 1926-இல் முடிந்த பகுதி இது, 1928-இற் சேர்த்த அதிகாரம் இது என்று அச்சிலேயே பிரித்துக் காட்டுவாராக.